மொட்டை மாடியில் கொக்கு உதை: டீன் ஏஜ் கராத்தே படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் காலை 6 மணிக்குப் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லித்தருகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு இரவு அதே மாடியில், எம்.சி. ரோட்டில் வாங்கிய வெள்ளைப் பெட்ஷீட்டைக் கொடிக்கம்பியில் கட்டி, இரவல் புரொஜெக்டரில் ஒரு படம் போடுவோம். பெரும்பாலும் பள்ளிக்கூடத்துப் பையன்கள் கராத்தேவோ குங்ஃபூவோ கற்றுச் சண்டை போடும் படங்கள்தான். படம் ஓடும்போது சிரிப்பு, முடிந்ததும் சந்தேகம். மாணவர்கள், அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள், எதிர் வீட்டுக் காலேஜ் பையன்கள், பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு பழைய பாக்ஸர் என எல்லோரும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் கீழே சேர்த்திருக்கிறேன்.

“எந்தெந்தப் படம்லாம் இந்த லிஸ்ட்ல வரும் மாஸ்டர்?”

கதையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஒரு பையன் புது ஊருக்குக் குடி வருகிறான். அங்கே ஒரு கூட்டம் அவனைப் போட்டு அடிக்கிறது. பக்கத்திலேயே, யார் கண்ணிலும் படாமல், ஒரு வயதான ஆசான் இருக்கிறார். அவரிடம் கொஞ்ச நாள் கற்கிறான். கடைசியில் ஒரு போட்டி. பையன் ஜெயிக்கிறான்.

1984-இல் வந்த ‘தி கராத்தே கிட்’ தான் இந்த அச்சு. அதை எடுத்த ஜான் ஜி. அவில்ட்சன் 1976-இல் ‘ராக்கி’யை எடுத்தவர். பெரிய ஆளின் குத்துச்சண்டைக் கதையைப் பள்ளிப் பையனின் அளவுக்குத் தைத்துக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஓடிய ஓட்டத்தில் ‘நோ ரிட்ரீட், நோ சரண்டர்’, ‘மயாமி கனெக்‌ஷன்’, ‘3 நிஞ்சாஸ்’ என்று வரிசையாக வந்தன. நான் இவற்றில் பாதியைப் பர்மா பஜாரில் வாங்கிய சிடியில்தான் முதலில் பார்த்தேன்.

“இது காமெடிப் படம் இல்லியே, அப்புறம் ஏன் எல்லாரும் சிரிக்கிறோம்?”

‘நோ ரிட்ரீட், நோ சரண்டர்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். புரூஸ் லீயின் மேல் பைத்தியமாக இருக்கும் ஒரு பையன் சியாட்டில் நகரத்துக்கு வருகிறான். புரூஸ் லீயின் கல்லறை இருப்பது அங்கேதான். அடி வாங்கி, அவமானப்பட்டு, அவரை நினைத்து உருகுகிறான். ஒரு நாள் இரவு புரூஸ் லீயின் ஆவி வந்து அவனுக்குச் சண்டை கற்றுக்கொடுக்கிறது. ஆவியாக நடித்தவர் கிம் டே சுங் என்ற கொரியக்காரர். 1973-இல் புரூஸ் லீ இறந்த பிறகு, அவர் பாதியில் விட்டுப்போன படத்தை முடிக்க அவருக்கு டூப் போட்டவர். ஆனால் அது புரூஸ் லீயின் முகம் இல்லை என்று எங்கள் மாடியில் முதல் வரிசையில் இருந்த ஆறு வயதுப் பெண் கூடச் சொல்லிவிட்டாள். படம் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. பையன் கண் கலங்கி வணங்குகிறான், ஆவி மணி மணியாகப் பேசுகிறது.

தெருக்கூத்தில் எமன் வேஷம் கட்டியவர் கையில் வாட்ச்சைக் கழற்ற மறந்து வந்தால் சிரிப்பு வரும் இல்லையா, அதே சிரிப்புதான் இது. எமன் உயிரைக் கொடுத்து நடிப்பதால்தான் அந்த வாட்ச் கண்ணில் படுகிறது. அவர் ஏனோதானோ என்று நடித்திருந்தால் யாரும் அவர் கையைப் பார்த்திருக்கவே மாட்டோம். இந்தப் படங்களை எடுத்தவர்கள் ஒவ்வொரு காட்சியையும் முழு மனதோடு நம்பினார்கள். அந்த நம்பிக்கை பெரிதாகவும் கையில் இருந்த காசும் நாளும் சின்னதாகவும் இருந்தன. அந்த இடைவெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது. வேண்டுமென்றே கிண்டலடித்து எடுத்த கராத்தே படம் ஒன்றை ஒருமுறை போட்டுப் பார்த்தோம். பாதியிலேயே பிள்ளைகள் எழுந்து கீழே விளையாடப் போய்விட்டார்கள்.

“ஸ்கூல் பையன்றாங்க, பார்த்தா ரெண்டு புள்ளைக்கு அப்பா மாதிரி கீறாரே?”

பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் வேலை வாங்கலாம், படப்பிடிப்பிலேயே படிப்பும் நடக்க வேண்டும் என்று ஹாலிவுட் இருக்கும் கலிபோர்னியாவில் சட்டம் இருக்கிறது. சண்டைப் படத்துக்கோ நீண்ட நேரம் ஒத்திகை வேண்டும். அதனால் வயது வந்தவர்களையே பள்ளிச் சீருடைக்குள் நுழைத்துவிடுவார்கள்.

‘தி கராத்தே கிட்’ நாயகன் ரால்ஃப் மாச்சியோ 1961 நவம்பரில் பிறந்தவர். படம் வந்தபோது அவருக்கு 22 வயது. பால் வடியும் முகம், அதனால் யாருக்கும் உறுத்தவில்லை. 1989-இல் மூன்றாம் பாகம் வந்தபோது 27 வயது, ஆனால் கதையில் இன்னும் பள்ளி முடித்த பையன்தான். கூட நடித்த ராபின் லைவ்லிக்குப் படப்பிடிப்பின்போது உண்மையிலேயே 16 வயது. அதனால் அவர்களுக்கிடையே காதல் வேண்டாம், நட்பாகவே இருக்கட்டும் என்று மாற்றினார்கள். அது சரியான முடிவு. ஆனால் ஏன் இந்தப் பையன் திடீரென்று அண்ணன் மாதிரி நடந்துகொள்கிறான் என்று மாடியில் எல்லோருக்கும் குழப்பம், அதில் கொஞ்சம் சிரிப்பு. நம் படங்களில் தாடியோடு பிளஸ் டூ தேர்வு எழுதும் ஹீரோக்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதிதில்லை.

“பத்து பேர் சுத்தி நிக்கிறானுங்க, ஒருத்தன் ஒருத்தனா ஏன் வந்து அடி வாங்குறான்? மொத்தமா மேல விழுந்தா முடிஞ்சிது இல்ல?”

முடிந்துவிடும். அதனால்தான் விழுவதில்லை. சண்டைக் காட்சி என்பது எண்ணிக்கை வைத்து ஆடும் ஆட்டம். ஒன்று, இரண்டு, மூன்றாவது எண்ணுக்கு நீ உள்ளே வா, நான்காவதுக்கு அவன் என்று முன்பே பேசி வைத்திருப்பார்கள். இரண்டு பேர் ஒரே எண்ணுக்கு உள்ளே வந்தால் நிஜமாகவே யாருக்காவது மூக்கு உடையும்.

தன் முறை வரும்வரை மற்றவர்கள் என்ன செய்வது? இங்கேதான் புதையல். அடுத்த தடவை நாயகனை விட்டுவிட்டுப் பின்வரிசையைப் பாருங்கள். ஒருவர் இரண்டு கையையும் உயர்த்தி இடத்திலேயே குதித்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் இரண்டடி முன்னே வந்து, இரண்டடி பின்னே போய், மறுபடி முன்னே வருவார். கீழே விழுந்தவர் எழலாமா வேண்டாமா என்று ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பார். எங்கள் மாடியில் பின்வரிசைக்கென்றே ஒரு ரசிகர் கூட்டம் இருக்கிறது.

வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்று: நிஜத்தில் எதிரே ஒருத்தனுக்கு மேல் இருந்தால் மொத்தமாகத்தான் வருவார்கள். ஓடுங்கள். நானும் ஓடுவேன்.

“கையை வீசுனாலே ‘வுஷ்ஷு’ன்னு சத்தம் வருதே, நெஜமாவே வருமா?”

பாதி நிஜம். கெட்டியான கேன்வாஸ் துணியில் தைத்த கராத்தே உடையைப் போட்டுக்கொண்டு வேகமாகக் குத்தினால் சட்டைக் கை ‘பட்’ என்று அடிக்கும். வகுப்பில் புது உடை வாங்கிய பையன் ஒரு வாரம் அந்தச் சத்தத்துக்காகவே குத்துவான். மெல்லிய டீ ஷர்ட்டில் அது வராது. நிஜமான குத்து ஒரு உடம்பில் விழும்போது ஈரச் சாக்கைத் தரையில் போட்ட மாதிரி மந்தமாகத்தான் கேட்கும்.

சினிமாச் சத்தம் ஹாங்காங்கிலிருந்து வந்தது. அங்கே நெடுங்காலம் படப்பிடிப்பில் ஒலியைப் பதிவு செய்யாமல், பேச்சையும் சத்தத்தையும் பிறகு ஸ்டுடியோவில் சேர்த்தார்கள். நம் தமிழ்ப் படங்களும் டப்பிங்கில் வளர்ந்தவைதானே, ‘டிஷ்யூம்’ நம் வீட்டுச் சொல் ஆனது அப்படித்தான். ஒலி தனியாகச் சேரும்போது அடிக்கு ஏற்ற சத்தம் என்பது போய், மனதில் எவ்வளவு பெரிய அடியோ அவ்வளவு பெரிய சத்தம் என்று ஆகிவிடுகிறது. கால் எதிராளியின் முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் போகும், சத்தம் மட்டும் சரியாக முகத்தில் விழும். அமெரிக்க டீன் ஏஜ் படங்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டன. பள்ளிக்கூட வராண்டாவில் ஒரு பையன் திரும்பிப் பார்த்தால் கூடச் சத்தம் வரும்.

“காரைத் தொடச்சா கராத்தே வந்துடுமா? எங்க அம்மா அதைச் சொல்லியே வீட்டைத் தொடைக்க வுடுறாங்க.”

உங்கள் அம்மாவிடம் நான் பேச மாட்டேன். அவர் செய்வது சரி.

‘தி கராத்தே கிட்’ படத்தில் மியாகி என்ற ஆசான், பையனைக் கார்களுக்கு மெழுகு தேய்க்கவும், மரத்தரையை இழைக்கவும், வேலிக்கும் வீட்டுக்கும் பெயின்ட் அடிக்கவும் சொல்கிறார். பையன் கோபித்துக்கொள்கிறான். அப்போது மியாகி அவனைக் குத்த வருகிறார். மெழுகு தேய்த்த கை தானாகவே எழுந்து தடுக்கிறது. மாடியில் இந்த இடத்தில் எப்போதும் கைத்தட்டல், கூடவே சிரிப்பு. சில நாள் பெயின்ட் அடித்தவன் ஒவ்வொரு குத்தையும் தடுக்கிறான் என்றால், நம் ஊரில் பெயின்ட் அடிக்கும் அண்ணன்கள் எல்லாம் எந்நேரமோ உலக சாம்பியன் ஆகியிருக்க வேண்டும்.

ஆனால் இதை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். கதை எழுதிய ராபர்ட் மார்க் கேமன் ஓக்கினாவா தீவின் கோஜு ரியூ என்ற கராத்தே முறையைக் கற்றவர். மியாகி என்ற பெயரே அந்த முறையை நிறுவிய சோஜுன் மியாகியிடமிருந்து வந்தது. கோஜு ரியூவில் கையை வட்டமாகச் சுழற்றி அடியைத் திருப்பிவிடும் தடுப்பு உண்மையிலேயே இருக்கிறது. மெழுகு தேய்க்கும் வட்டமும் அந்த வட்டமும் உறவுக்காரர்கள்தான். திரும்பத் திரும்பச் செய்த அசைவு யோசிக்காமல் வரும் என்பதும் உண்மை. என்னிடம் காசிமேட்டிலிருந்து ஒரு பையன் வந்தான். அப்பாவோடு சின்ன வயதிலிருந்து வலை இழுத்தவன். முதல் நாளே அவன் பிடித்த பிடியை என்னால் விடுவிக்க முடியவில்லை. ஆனால் எதிராளி எவ்வளவு தூரத்தில் நின்றால் அவன் கால் எட்டும், எப்போது உள்ளே நுழைவது, எப்போது விலகுவது என்பதெல்லாம் அவனுக்கு ஒரு வருடம் பிடித்தது. வலையும் பெயின்ட்டும் திருப்பி அடிக்காது. படம் மறைப்பது அதை மட்டும்தான்.

“அப்போ மூணு நிமிஷப் பாட்டுல எல்லாத்தையும் கத்துக்குறதும் டுபாக்கூர்தானா?”

ஆமாம். மேலே சொன்ன ஒரு வருடத்தை மூன்று நிமிடப் பாட்டுக்குள் மடித்து வைக்கிறார்கள். ஒழுங்காக வரும் பிள்ளைக்குக் கறுப்புப் பட்டை எட்ட நான்கைந்து வருடம் ஆகும். அந்த முதல் கறுப்புப் பட்டைக்கு ஜப்பானிய மொழியில் ‘ஷோடான்’ என்று பெயர், தொடக்கப் படி என்று அர்த்தம். பாட்டுக் காட்சியில் நான் ரசிப்பது ஒன்று உண்டு: பாட்டின் தொடக்கத்தில் விழுந்துகொண்டே இருப்பவன், கிட்டார் சத்தம் ஏறும்போது சரியாகக் கால் தூக்குவான். ஆசான் லேசாகத் தலையாட்டுவார். எத்தனை படம் பார்த்தாலும் அந்தத் தலையாட்டலுக்கு எனக்குப் புல்லரிக்கும்.

“அந்தக் கொக்கு மாதிரி நின்னு உதைக்கிறது வேலைக்கு ஆவுமா?”

‘தி கராத்தே கிட்’ கடைசிப் போட்டியில் நாயகன் நிற்கிற மாதிரி நின்றால் ஆகாது. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, ஒற்றைக் காலில், அசையாமல் நின்றால் என்ன செய்யப் போகிறான் என்று எதிராளிக்கு ஒரு கடிதமே எழுதிக் கொடுத்த மாதிரி. விலா திறந்து கிடக்கிறது, நிற்கும் காலைத் தட்டிவிட்டால் கதை முடிந்தது. எதிராளி அந்த உதைக்குள் தானாக நடந்து வந்தால்தான் படும். படத்தில் அப்படித்தான் வருகிறான். அதனால்தான் அந்தக் காட்சி சிரிப்பாகவும் இருக்கிறது, மெய்சிலிர்க்கவும் வைக்கிறது.

சரி, ஆனால் அந்த உதைக்கு நிஜத்தில் ஒரு சொந்தக்காரன் உண்டு. ஒரு காலைத் தூக்கி ஏமாற்றி, தாவி, மறு காலால் நேராகத் தாடையில் உதைப்பது கராத்தேயில் பழைய உத்தி. 2011 ஏப்ரல் 30 அன்று டொரான்டோவில் நடந்த யுஎஃப்சி 129 என்ற கலப்புச் சண்டைப் போட்டியில், கராத்தே குடும்பத்தில் வளர்ந்த லியோட்டோ மச்சீடா அந்த உதையால் ராண்டி கூட்டூரை வீழ்த்தினார். உலகமே ‘கராத்தே கிட்’ என்று கூவியது. மச்சீடா கொக்கு மாதிரி நிற்கவில்லை, கையை விரிக்கவில்லை. வந்தது தெரியாமல் வந்து போனது. பிள்ளைகளுக்கு இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டுவேன். அப்படியும் ஒருவன் வீட்டுக் கைப்பிடிச் சுவரில் ஏறிக் கொக்கு நிலை பிடித்துக் கணுக்கால் சுளுக்கி மூன்று வாரம் வரவில்லை. தரையில் மட்டும் செய்யுங்கள்.

“மூஞ்சில உதைச்சா அது ஃபவுல் இல்லியா? எப்படி ஜெயிச்சான்னு சொன்னாங்க?”

இந்த ஒரு கேள்விக்கு மாடியில் இரவு பதினொன்றரை வரை சண்டை நடந்திருக்கிறது. படத்துக்குள்ளேயே நாயகி விதியைச் சொல்லும்போது, இடுப்புக்கு மேலே தலை உட்பட எங்கே பட்டாலும் புள்ளி என்கிறாள். அந்தக் கணக்கில் சரி. ஆனால் முழு வேகத்தில் தாடையில் விட்டு எதிராளியைக் கீழே தள்ளுவது நிஜப் போட்டிக் கராத்தேயில் வேறு விஷயம். அங்கே அடி தொட்டதும் நிற்க வேண்டும்.

இதற்கு ஒலிம்பிக்கிலேயே சாட்சி இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல்முறையாகக் கராத்தே சேர்ந்தது. 2021 ஆகஸ்ட் 7 அன்று ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிப் போட்டி. சவுதி அரேபியாவின் தரேக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அவர் விட்ட ஓர் உதை ஈரானின் சஜ்ஜாத் கஞ்ஜாதேவின் கழுத்துப் பக்கம் முழு வேகத்தில் விழுந்தது. கஞ்ஜாதே மயங்கி விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். நடுவர்கள் கூடிப் பேசி, அளவுக்கு மீறிய வேகம் என்று ஹமேதியைத் தகுதி நீக்கம் செய்தார்கள். மயங்கிக் கிடந்தவருக்குத் தங்கம், உதைத்தவருக்கு வெள்ளி. அழுதுகொண்டே ஹமேதி மேடைக்கு வந்ததை நான் நேரலையில் பார்த்தேன். அந்தக் கண்ணோடு பார்த்தால் ‘கராத்தே கிட்’ முடிவில் கோப்பை அடி வாங்கிய பையனிடம் போயிருக்கும். இதைச் சொன்னபோது மாடியில் நாயகன் கட்சிக்காரர்கள் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

“நிஞ்சான்னா ஒளிஞ்சி வர்றவன்தானே? பட்டப்பகல்ல கறுப்புச் சட்டை போட்டுக்கினு பீச்சாண்ட ஓடுறான்?”

பழைய ஜப்பானில் உளவுக்குப் போனவர்கள் விவசாயி, சாமியார், வியாபாரி மாதிரி ஊரோடு ஊராகத்தான் போனார்கள். கறுப்பு உடை நாடக மேடையிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். கபுகி நாடகத்தில் பொருட்களை எடுத்து வைக்கும் ஆட்கள் தலை முதல் கால் வரை கறுப்பில் இருப்பார்கள். அவர்களைப் பார்த்தும் பார்க்காதது போல இருப்பது ரசிகர்களின் பழக்கம். அந்த ‘கண்ணுக்குத் தெரியாத’ ஆள் திடீரென்று கத்தியை எடுத்தால்? அங்கிருந்து பிறந்ததுதான் சினிமா நிஞ்சா.

எண்பதுகளில் அமெரிக்காவில் நிஞ்சா மோகம் தலைக்கேறியபோது இந்தக் காரணம் தொலைந்துபோய் உடை மட்டும் மிஞ்சியது. அதனால்தான் ‘மயாமி கனெக்‌ஷன்’ படத்தில் நிஞ்சாக்கள் மோட்டார் சைக்கிளில், எல்லோருக்கும் கேட்கிற சத்தத்தோடு வருகிறார்கள். ‘3 நிஞ்சாஸ்’ படத்தில் தாத்தாவிடம் கற்ற மூன்று பொடியன்கள் பெரிய ஆட்களை விரட்டுகிறார்கள். ஒளிய வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றுவதே இல்லை.

“2010-ல வந்த கராத்தே கிட்ல கராத்தேவே இல்லியே மாஸ்டர்?”

இல்லை. ஜேடன் ஸ்மித் பெய்ஜிங்குக்குப் போய் ஜாக்கி சானிடம் குங்ஃபூ கற்கிறான். கராத்தே ஓக்கினாவாவில் வளர்ந்து ஜப்பானுக்குப் போனது, குங்ஃபூ சீனாவுடையது. பழைய பெயருக்கு மதிப்பு இருந்ததால் பெயரை வைத்துக்கொண்டார்கள். சீனாவில் ‘குங்ஃபூ கனவு’ என்ற பொருள் வரும் பெயரில் வெளியிட்டார்கள். இட்லி என்று போர்டு போட்டுப் பரோட்டா பரிமாறினாலும் பரோட்டா நன்றாக இருந்தது என்பது என் கருத்து.

“பவர் ரேஞ்சர்ஸ்ல மஞ்சள் கலர் அக்கா சண்டைன்னா மட்டும் ஆம்பள மாதிரி ஆயிடுறாங்களே?”

கூர்மையான கண். கேட்டவளுக்கு ஒன்பது வயது. 1993-இல் தொடங்கிய ‘பவர் ரேஞ்சர்ஸ்’ தொடரின் முகமூடிச் சண்டைகளில் பெரும்பகுதி ஜப்பானில் அதற்கு முந்தைய வருடம் வந்த ‘ஜியுரேஞ்சர்’ தொடரிலிருந்து எடுத்தவை. அமெரிக்காவில் பள்ளிக்கூடக் காட்சிகளை மட்டும் புதிதாக எடுத்து ஒட்டினார்கள். ஜப்பானில் மஞ்சள் வீரன் ஓர் ஆண். அமெரிக்காவில் அந்தப் பாத்திரத்துக்கு தூய் ட்ராங் என்ற பெண்ணைப் போட்டார்கள். அதனால்தான் பிங்க் உடையில் பாவாடை இருக்கிறது, மஞ்சள் உடையில் இல்லை. முகமூடி போட்டதும் உடல்வாகு மாறுகிறது, ஊர் மாறுகிறது, வெயிலின் நிறம் கூட மாறுகிறது.

“ஏம்பா, நீயே மாஸ்டரு. நீயே உட்கார்ந்து சிரிக்கலாமா? அவங்க கலையைக் கேவலப்படுத்துற மாதிரி இல்ல?”

பாக்ஸர் பெரியவர் கேட்டது. அவருக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த மாதம் ‘மயாமி கனெக்‌ஷன்’ படத்தைப் போட்டேன்.

ஒய்.கே. கிம் கொரியாவில் பிறந்து, அமெரிக்காவின் ஒர்லாண்டோவில் டேக்வாண்டோ சொல்லிக்கொடுத்தவர். அந்தக் கலையைப் பற்றி உலகத்துக்குச் சொல்ல ஆசைப்பட்டு, சினிமா தெரியாமல், கைக்காசைப் போட்டு, தன் மாணவர்களையே நடிக்க வைத்துப் படம் எடுத்தார். ஐந்து அநாதைப் பையன்கள் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், கல்லூரியில் படிக்கிறார்கள், டேக்வாண்டோ பழகுகிறார்கள், ராக் பாட்டு பாடுகிறார்கள், நிஞ்சாக்களோடு மோதுகிறார்கள். 1987-இல் படம் படுத்துவிட்டது. இருபது வருடங்களுக்கு மேல் கழித்து, டெக்சாஸில் திரையரங்குக்குப் படம் தேர்ந்தெடுக்கும் ஒருவர் அதன் ஃபிலிம் சுருளை இணையத்தில் 50 டாலருக்கு வாங்கி ஓட்டினார். கூட்டம் சிரித்தது, கைதட்டியது, திரும்பத் திரும்ப வந்தது. 2012-இல் படம் மறுபடி வெளியானது. அதில் ஒரு பையன் காணாமல்போன அப்பாவிடமிருந்து கடிதம் வந்ததும் கத்தி அழுவான். நடிப்பு அவ்வளவு சுமார். மாடியில் முதலில் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நல்ல பசங்கப்பா” என்றார்.

சிரிக்கக் கூடாத இடமும் உண்டு. ஆசிய ஆசானின் கொச்சை ஆங்கிலத்துக்குச் சிரித்தால் நான் படத்தை நிறுத்திவிடுவேன். மியாகியாக நடித்த பாட் மொரிட்டா கலிபோர்னியாவில் பிறந்தவர், அந்தப் பேச்சு அவருடையதே இல்லை. முதுகெலும்புக் காசநோயால் சிறு வயதில் பல வருடம் மருத்துவமனையில் கிடந்து, இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்த முகாமுக்கு அங்கிருந்தே போனவர். படத்தில் மியாகி குடித்துவிட்டு, தான் அமெரிக்க ராணுவத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம் அப்படியொரு முகாமில் பிரசவத்தில் இறந்த மனைவியையும் குழந்தையையும் நினைத்து உடைவார். அந்த வேடத்துக்காக மொரிட்டாவின் பெயர் ஆஸ்கருக்குப் பரிந்துரையானது. மெழுகு தேய்த்ததற்குச் சிரித்த அதே பிள்ளைகள் அந்த இடத்தில் மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

“நம்ம ஏரியாவுல இல்லாத ஃபைட்டா? நமக்கு ஏன் இந்த மாதிரி படம் இல்ல?”

வட சென்னைக்குக் குத்துச்சண்டை இருக்கிறது, அதற்குப் படமும் இருக்கிறது. 2021-இல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’ 1970-களின் கதை. 2016-இல் வந்த ‘இறுதிச்சுற்று’ மீனவக் குடியிருப்புப் பெண்ணின் கதை. அதில் நடித்த ரித்திகா சிங் நிஜமாகவே சண்டைப் போட்டிகளில் ஆடியவர், தோளைப் பார்த்தாலே தெரியும். முகமது அலி 1980-இல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஆடியதைப் பெரியவர் இன்றைக்கும் நேற்று நடந்த மாதிரி சொல்வார். குத்துவதை அறிந்த ஊர் இது. அதனால் நம் படங்களில் குத்து தப்பாக விழுந்தால் முதல் வரிசையே திட்டிவிடும்.

பள்ளிப் பையன், கராத்தே, வயதான ஆசான் என்ற கதை மட்டும் இங்கே வேர் பிடிக்கவில்லை. பக்கத்தில் வருவது 2001-இல் வந்த ‘பத்ரி’. விஜய் கல்லூரிப் பையனாக கிக் பாக்ஸிங் பழகுவார், ஷிஹான் ஹுசைனி பயிற்சி கொடுப்பார். கை விரல்மேல் கார் ஏறும் அந்தப் பாட்டுக் காட்சியை மாடியில் போட்டால் விசில் நிற்காது, இடையிடையே சிரிப்பும் வரும். சிலம்பம் பழகும் ஒரு பெண்ணை வைத்து, தண்டையார்பேட்டைச் சந்துக்குள் இப்படி ஒரு படம் யாராவது முழு மனதோடு எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

“ஐஸ்கட்டி, ஓடு, பலகைலாம் உடைக்கிறது நெஜமா, செட்டிங்கா?”

இரண்டும் உண்டு. ‘கராத்தே கிட்’ இரண்டாம் பாகத்தில் பையன் ஆறு ஐஸ் பலகைகளை ஒரே அடியில் உடைப்பான். அது ஓக்கினாவாவில் நடப்பதாகக் கதை, படம் எடுத்தது ஹவாயில். பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு அடுக்கினால் முதலாவது உடைந்து இரண்டாவதின்மேல் விழும், அது மூன்றாவதின்மேல். மரமென்றால் நார் ஓடும் திசையிலேயே உடையும், குறுக்கே உடையாது. சினிமாவில் பால்சா மரத்தைப் போட்டுவிட்டால் குழந்தை தட்டினாலும் உடையும். சரியாகப் பழகினால் ஓர் அங்குலப் பலகையைப் பெரும்பாலோர் உடைக்கலாம். பழகாமல் செங்கல்லைத் தொடாதீர்கள், கையில் 27 எலும்பு இருக்கிறது.

“என் பையன் இதையெல்லாம் பார்த்துட்டு ஸ்கூல்ல ஒருத்தனை உதைச்சிட்டு வந்துட்டான். இன்னா பண்றது மாஸ்டர்?”

முதலில், உதை வாங்கிய பையன் வீட்டுக்கு நீங்களும் அவனும் சேர்ந்து போய் வாருங்கள். படத்தில் அடி வாங்கிய எதிராளி கோப்பையைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டு நண்பனாகிவிடுவான். நிஜத்தில் அவனுக்கு அண்ணன் இருப்பான்.

அப்புறம், பையனுக்கு ஒரு படத்தை மறுபடி போட்டுக் காட்டுங்கள். உதைக்கிறவனைப் பார்க்காமல் விழுகிறவர்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மேஜைமேல், படிக்கட்டில், கண்ணாடிக்குள் விழுந்து, தாடையை மார்போடு சேர்த்து, தரையைக் கையால் தட்டி, உருண்டு, அடுத்த டேக்குக்கு எழுந்து நின்றவர்கள் அவர்கள். நான் மேலே பின்வரிசை என்று சொன்னேனே, அதே ஆட்கள்தான். அந்தப் படங்களில் நூறு சதவீதம் நிஜமான வித்தை அவர்களுடையது. திங்கட்கிழமை காலை 6 மணிக்குப் பையனை அனுப்புங்கள். முதல் இரண்டு மாதம் உதை கிடையாது, விழுவதற்குத்தான் சொல்லித்தருவேன். பழைய மெத்தை ஒன்று இருந்தால் கொடுத்தனுப்புங்கள்.